அஞ்சு ஆம்பியரும் எழுபத்தெட்டு கிலோ டாங்கியும்

என் மனைவியின் சின்ன அண்ணனுக்குத் தொழிற்சாலையில் 'அஞ்சு ஆம்பியர்' என்று பெயர். மின்னோட்டம் சற்றே கூடினாலும் பட்டென்று எரிந்துபோகும் மெல்லிய ஃபியூஸ் கம்பியை அந்த எண்ணால் குறிப்பது மின்பணியாளர் வழக்கம். பெயரை வைத்தவர் யார் என்பது தெரியவில்லை. மறுத்தவர் ஒருவரும் இல்லை. அவருடைய மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், "இவர் கோபத்துக்கு ஒரு வயரை இழுத்து விட்டா தெருவுக்கே விளக்கு எரியும்" என்பார். அதைக் கேட்டும் அவருக்குக் கோபம் வரும்.

அட்டைப் பெட்டிகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவர் முப்பத்தொரு வருடம் மின் பராமரிப்பு பார்த்தார். நான் அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். நான் அவரைச் சின்ன மச்சான் என்பேன். அவர் என்னை மாப்பிள்ளை என்பார். உயரம் குறைவு. சட்டைப்பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும்: டெஸ்டர், கறுப்பு டேப், மடித்த வெள்ளைத் தாள். தாளில் அன்று பார்த்த பழுதுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதியிருப்பார். எண்ணிட்டு எழுதும் மனிதர்களுக்குக் கோபம் குறைவாக இருக்கும் என்று நான் நினைத்துவந்தேன். அந்த எண்ணத்தை அவர் மாற்றினார்.

கோணலாகப் பொருத்திய ஸ்விட்ச் பலகையைப் பார்த்தால் அவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். விருந்துக்குப் போன வீட்டிலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார். மின்தூக்கியில் ஏறினால் அபாய மணியை அழுத்திப் பார்த்த பிறகுதான் மாடியின் எண்ணை அழுத்துவார். காவலாளி ஓடிவந்தால், "மணி அடிக்குதான்னு பார்த்தேன், நீங்க வர்றீங்களான்னும் பார்த்தேன். ரெண்டும் சரி" என்று சொல்லிவிட்டு மேலே போவார். இவையெல்லாம் பிறவிக் குணம் என்று வெளியார் சொல்வார்கள். அப்படி அல்ல. வேலையில் சேர்ந்த முதல் பன்னிரண்டு வருடம் அவர் எல்லாரையும் போலத்தான் இருந்தார். பதின்மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் உண்டு.

நான்காம் வரிசையில் அட்டையை அழுத்தும் உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு இருந்தது. கதவைத் திறந்தால் உருளை நின்றுவிட வேண்டும்; அதற்காகக் கதவின் ஓரத்தில் ஒரு சிறு ஸ்விட்ச். அது தேய்ந்துபோய், கதவு மூடியிருக்கும்போதே வரிசையை நிறுத்தத் தொடங்கியது. காலையில் மட்டும் ஏழு முறை நின்றது. மேற்பார்வையாளர் வந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் டைரக்ட் குடுத்துடுங்க. நாளைக்குப் புது ஸ்விட்ச் வந்துடும்."

டைரக்ட் கொடுப்பது என்றால், ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் அதைத் தாண்டி ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. அதன் பிறகு கதவு திறந்தாலும் இயந்திரத்துக்குத் தெரியாது. சின்ன மச்சான் விரல் நீளத்தில் ஒரு நீலக் கம்பியை வெட்டி இணைத்தார். ஐந்து நிமிட வேலை. வரிசை ஓடிற்று. மூன்று மணிக்கு, அட்டை போடும் பெண் ஒருத்தி, சிக்கிய அட்டையை எடுக்க வழக்கம்போலக் கதவைத் திறந்து கையை விட்டாள். கதவைத் திறந்தால் நிற்கும் என்பது ஆறு வருடமாக அவள் கண்ட உண்மை. வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

விசாரணை மூன்று நாள் நடந்தது. 'பாதுகாப்புச் சாதனம் எதிர்பாராத வகையில் செயலிழந்தது' என்று அறிக்கை முடிந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான். அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"செயலிழக்கலை மாப்பிள்ளை. நான் இழக்க வெச்சேன். அப்படி அடிங்க."

"எனக்குக் குடுத்ததைத்தான் நான் அடிக்க முடியும் மச்சான்."

அவர் மேலாளரிடம் போனார். மேலாளர் அவருடைய தோளில் கை வைத்து, எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்துவிட்டது, போய் வேலையைப் பாருங்கள் என்றார். ஒருவருக்கும் தண்டனை இல்லை. மேற்பார்வையாளருக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு. சின்ன மச்சானின் கோபம் அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு அது அணைந்ததை நான் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவர் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரே அறை; சுவரோரமாகக் கட்டில்; கட்டிலில் அவள், மடியில் துணி சுற்றிய கை. அவர் உட்காரவில்லை. நடந்ததை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திச் சொன்னார். மேற்பார்வையாளர் சொன்னதைச் சொல்லி, தான் செய்ததைச் சொல்லி, நீலக் கம்பியின் நீளத்தைக்கூடச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"கம்பியைக் கட்டினது நீங்கதானா? நல்லா இறுக்கமாத்தான் கட்டியிருக்கீங்க."

அவ்வளவுதான் அவள் பேசியது. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். யார் சொல்லியும், எந்த அவசரத்துக்கும், ஒரு முறையும் டைரக்ட் கொடுக்கவில்லை. அதனால் நின்ற வரிசைகள் பல. அவர் வாங்கிய மெமோக்கள் பதினொன்று. அவற்றில் ஒன்பதை நானே தட்டச்சு செய்தேன்.

இனி டாங்கிக்கு வருகிறேன்.

என் மனைவியின் பெரிய அண்ணன் மர அச்சுத் தச்சர். இரும்பை உருக்கி வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து கொடுப்பது அவர் தொழில். மயிரிழை பிசகினாலும் பொறுக்காத கண். ஓய்வு பெற்ற பின் அவர் தம் வீட்டின் கார் கொட்டகையில் ஆறு வருடம் உட்கார்ந்து, பழைய போர் ஒன்றில் ஓடிய டாங்கியை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்தார். நீளம் நான்கடிக்கு மேல். உடல் ஒட்டுப்பலகை, அதன்மேல் அலுமினியத் தகடு. ஒரு பக்கச் சங்கிலிக்கு எண்பத்தாறு கண்ணிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வார்த்து, அரம் போட்டு, ஊசி கோத்தார். தகட்டில் இருந்த ஆணித்தலைகளைத் தாமே எண்ணி ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார்: இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. கார் வெயிலில் நின்றது.

உடல் முடிந்ததும் உள்ளே மோட்டார் வைத்து, ரேடியோவால் ஓட்ட வேண்டும் என்ற ஆசை வந்தது. தம்பியை அழைத்தார்.

"டேய், உள்ளே நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. வெளியே ஒரு கீறல் விழக் கூடாது."

"உள்ளே இருக்கிறது சரியா இருந்தாத்தான் அண்ணே வெளியே ஒருத்தருக்கும் கீறல் விழாது" என்றார் தம்பி.

முதல் நாளே இப்படித்தான் தொடங்கிற்று.

சின்ன மச்சான் அந்த வேலையை எப்படிச் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். கழித்துப்போட்ட இரண்டு மின் சக்கர நாற்காலிகளிலிருந்து இரண்டு மோட்டார்களைக் கழற்றி வந்தார். சங்கிலிப் பற்சக்கரத்துக்கு ஒன்று வீதம், பின்பகுதியில், எதிரெதிர் முகமாகப் பொருத்தினார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டை நடுவில், எடை சமமாக விழும்படி வைத்தார். ரிமோட்டின் சைகையை வாங்கும் ஏற்பிக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி. மோட்டார்களின் மின் இரைச்சல் ரேடியோவைக் குழப்பாதிருக்க, ஒவ்வொன்றின் முனைகளிலும் சிறு மின்தேக்கிகளைப் பற்றவைத்தார். தடித்த கம்பிகள் ஒரு பக்கமாகவும் மெல்லிய கம்பிகள் மறுபக்கமாகவும் ஓடின. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் எண். எண்ணுக்கு விளக்கம் மூடியின் உட்புறத்தில் ஒட்டிய தாளில். கண்ணைக் கட்டிவிட்டாலும் பழுதைக் கண்டுபிடிக்கலாம் போல இருந்தது.

முதல் ஓட்டத்தில் டாங்கி இடப்பக்கமாக இழுத்தது. பத்தடி போனால் ஓரடி விலகிற்று.

"ரிமோட்ல ஒரு திருகு இருக்குல்ல, அதை ரெண்டு சொடுக்குத் திருப்பினா நேராப் போயிடும்னு பல் டாக்டர் சொன்னார்டா" என்றார் பெரிய மச்சான். பல் டாக்டர் என்பவர் அந்த ஊர் மாதிரி வண்டிச் சங்கத்தின் செயலாளர். பற்களை விடச் சிறு வண்டிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

"நேராப் போகாது. நேராப் போற மாதிரி இருக்கும்."

"எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது. வண்டி எங்கிட்ட ஏதோ சொல்லுது. அது வாயைப் பொத்தச் சொல்றீங்களே!"

இரண்டு நாள் அவர் மோட்டார்களைக் கழற்றி மேசையில் வைத்து ஓட்டினார். முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுற்றுகள், எல்லாம் தாளில். ஒரு மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளைத் தாங்கும் தட்டு சற்றே திரும்பியிருந்தது. அதனால் அது ஒரு திசையில் வேகமாகவும் மறு திசையில் மந்தமாகவும் சுழன்றது. எதிரெதிர் முகமாக வைத்த இரண்டில், வண்டி முன்னே போகும்போது ஒன்று எப்போதும் பின்னோக்கித்தான் சுழல வேண்டும். அந்த இடத்தில் இந்த மந்தமான மோட்டார் அமைந்துவிட்டது. நாற்காலியில் இருந்தபோது அது ஒருவருக்கும் தெரிந்திருக்காது. "நாற்காலியில உட்கார்ந்தவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் சொன்னதை எவனும் கேட்டிருக்க மாட்டான்" என்றார் அவர். தட்டைத் திருப்பிப் பூட்டினார். டாங்கி கோடு போட்டாற்போல ஓடிற்று. பெரிய மச்சான் பாராட்டவில்லை; ஆனால் அன்று மாலை தம்பிக்குத் தாமே தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சமாதானம் ஒரு வாரம் நீடித்தது. எட்டாம் நாள் சின்ன மச்சான் டாங்கியின் பின்பக்கத் தகட்டில் துளை போட்டார்.

அந்தத் துளையில் குடைக்காளான் தலை போன்ற ஒரு சிவப்புப் பொத்தானைப் பொருத்தினார். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தை ரிலே என்னும் ஒரு தடித்த மின்காந்த ஸ்விட்ச் இணைத்துப் பிடித்திருக்கும். அந்த ரிலேயைப் பிடித்திருக்க வைப்பது பொத்தான் வழியாகப் போகும் மெல்லிய மின்னோட்டம். பொத்தானை அடித்தால் ரிலே விட்டுவிடும். ரேடியோ என்ன சொன்னாலும் வண்டி நின்றுவிடும்.

பெரிய மச்சான் வந்து பார்த்தபோது நானும் என் மனைவியும் கொட்டகையில் இருந்தோம். அவர் கத்தவில்லை. அருகில் போய், துளையின் விளிம்பை விரலால் தடவினார்.

"மூணு ஆணித்தலை போச்சு."

"நாலு" என்றார் தம்பி. "எண்ணிட்டுத்தான் துளைச்சேன்."

அதற்குப் பிறகு இருவரும் கரடியாய்க் கத்தினார்கள்.

"போர்ல ஓடின வண்டியில சிவப்புப் பொத்தான் எங்கேடா இருந்துச்சு?"

"போர்ல ஓடின வண்டி பள்ளிக்கூட மைதானத்துல, குழந்தைங்க நடுவுல ஓடலை அண்ணே!"

"ரிமோட் என் கையில இருக்கு. விட்டா நிக்குது. அப்புறம் என்ன?"

"ரிமோட் கேட்கலைன்னா? எழுபத்தெட்டு கிலோ. உங்க சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு விரல் போனா என்ன ஆகும்னு நான் சொல்லட்டுமா? எத்தனை விரல்னு சொல்லட்டுமா?"

"ஆரம்பிச்சுட்டான்யா. எந்தக் காலத்துக் கதை. கம்பெனியே செயலிழந்துச்சுன்னு எழுதி மூடிடுச்சு. இவன்தான் தலையில தூக்கிக்கிட்டு அலையறான்."

சின்ன மச்சான் என் பக்கம் திரும்பினார். "ஆமா, எழுதிட்டாங்க. இதோ நிக்கிறாரே, இவர்தான டைப் அடிச்சார்! ஒரு எழுத்துப் பிழை கிடையாது."

என் மனைவிதான் நடுவில் வந்தாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்து முப்பத்தேழு வயசாகுது. ஒரு பொம்மை வண்டிக்கு இப்படியா? அக்கம் பக்கத்துல சிரிக்கிறாங்க."

"பொம்மை இல்லை!" என்று அண்ணன் தம்பி இருவரும் ஒரே குரலில் அவள்மேல் பாய்ந்தார்கள். அந்த மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

முடிவில் தம்பி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். பொத்தான் இருந்தால் வண்டி ஓடும். இல்லையென்றால் தம் மோட்டார்களோடு போய்விடுவார். பெரிய மச்சான் வாயைத் திறக்காமல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சங்கத்தின் கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளி மைதானத்தில் நடந்தது. டாங்கியைப் பல் டாக்டரின் வேனில் பெரிய மச்சான் முன்னதாகவே கொண்டுபோய்விட்டார். நானும் சின்ன மச்சானும் பேருந்தில் போனோம். அவர் சலவைச் சட்டை அணிந்திருந்தார். பையில் டெஸ்டர், டேப், தாள். இடுப்பில் தோலுறையில் கட்டிங் பிளேயர். கண்காட்சிக்குப் பிளேயர் எதற்கு என்று கேட்டேன். "நீங்க பேனா இல்லாம வெளியே போவீங்களா?" என்றார்.

மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே இருநூறு பேர் இருப்பார்கள். குழந்தைகள் கயிற்றுக்குக் கீழே தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாங்கி ஓடிக்கொண்டிருந்தது. அழகாக ஓடிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். சங்கிலிகள் புல்லை அழுத்தின, பீரங்கிக் குழல் மெல்லத் திரும்பியது, கைதட்டல் எழுந்தது. பெரிய மச்சான் ரிமோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். ஆறு வருடத்தில் அவர் முகம் அவ்வளவு இளமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

டாங்கி திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டியது. பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறு சதுரக் கதவு, கீல், கைப்பிடி, சுற்றிலும் ஆணித்தலைகள். பழைய நான்கும் வந்துவிட்டிருந்தன.

சின்ன மச்சான் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். நான் கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக டாங்கிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டடி தூரத்தில் அது நின்றது. பெரிய மச்சான் விரலை எடுத்துவிட்டார்.

"தள்ளுடா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பொத்தான் எங்கே?"

"வீட்டுல இருக்கு, பத்திரமா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். போட்டோ எடுக்கிறாங்க. நாளைக்கே மாட்டிடறேன்."

பெரிய மச்சான் அந்த வார்த்தைகளைத் தெரிந்து சொல்லவில்லை. இவற்றைத் தம்பி முன்பு யாரிடம் கேட்டார் என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சின்ன மச்சான் டாங்கியின் பக்கத்தில் மண்டியிட்டு, பின்மூடியைத் திறந்தார். பல் டாக்டர் ஓடிவந்தார்.

"சார், சார்! மூணு ரவுண்டு ஓடிடுச்சு. ஒண்ணும் ஆகலையே!"

"ஆகலைன்னுதான் அன்னிக்கும் சொன்னாங்க. மத்தியானம் மூணு மணி வரைக்கும்."

பொத்தானுக்குப் போன இரண்டு மெல்லிய கம்பிகள் உள்ளே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. பெரிய மச்சான் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். சுத்தமாகச் சுரண்டி, முறுக்கி, பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் கறுப்புக் குழாயை மேலே இட்டிருந்தார். தம்பி செய்வதை எட்டு வாரம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது.

சின்ன மச்சான் அந்த இணைப்பை விரலால் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

"நல்லா இறுக்கமாத்தான் கட்டியிருக்கீங்க" என்றார்.

பிறகு பிளேயரை எடுத்து, பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்புக் கம்பியை இரண்டு அழுத்தில் வெட்டினார். முனையில் டேப் சுற்றினார். மூடியை மூடினார். எழுந்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு, வந்த வழியே போனார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை, "டாங்கி செத்துப்போச்சா?" என்று கேட்டது. பெரிய மச்சான் ரிமோட்டை இரு கையாலும் பிடித்தபடி நின்றார். டாங்கியை வேனில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. நான் ஒரு மூலையைப் பிடித்தேன். வழியெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஊர் முன்னாடி என் மூஞ்சியில அடிச்சுட்டான். ஊர் முன்னாடி."

நான்கு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. தம்பியின் பெயரை யாராவது எடுத்தால் பெரியவர் எழுந்து போய்விடுவார். சின்னவர் எடுக்காமலே கொதித்தார். எங்கள் வீட்டுக்கு ஒருவர் வரும் நாளில் மற்றவர் வராதபடி என் மனைவி கணக்காகப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவளுக்கே பொறுமை போய், சின்ன அண்ணனிடம் கேட்டாள்.

"அன்னிக்கு ஒண்ணும் நடக்கலையே சின்னண்ணே. பெரியண்ணன் பாவம். ஆசைப்பட்டுச் செஞ்சார். வீட்டுக்கு வந்து திட்டியிருக்கலாமே?"

"வீட்டுக்கு வர்றதுக்குள்ள நடந்திருந்தா?"

"நடக்கலையே!"

"நடக்காததுக்குத்தான் திட்டு வாங்கறேன். நடந்ததுக்கு ஒருத்தனும் திட்டலை. தோள்ல தட்டிக் குடுத்து அனுப்பினாங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். பெரிய மச்சானுக்கு அந்தப் பெண் சொன்ன வார்த்தையோ, மைதானத்தில் தம்பி அதையே திருப்பிச் சொன்னதோ தெரியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் நான் அவர் கொட்டகைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றை அறை, கட்டில், துணி சுற்றிய கை, நீலக் கம்பி. நான் அடித்த வரியையும் சொன்னேன். அவர் உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"இதையெல்லாம் இத்தனை வருஷமா ஏன் மாப்பிள்ளை என்கிட்டே சொல்லலை?"

"நீங்க கேட்கலை."

"நான் கேட்கலை, அவன் சொல்லலை, நீங்க அடிச்சுக் குடுத்தீங்க. நல்ல குடும்பம்" என்று சொல்லி உளியை மேசையில் எறிந்தார். என்னைப் போகச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து என் மனைவிக்கு அழைப்பு வந்தது. "அவனை வரச் சொல்லு. பேச வரச் சொல்லலை. வேலைக்கு வரச் சொல்லு."

சின்ன மச்சான் வந்தார். வாசலிலேயே நின்றார். டாங்கி கொட்டகையின் நடுவில் இருந்தது. அதன் பின்பக்கத்தில், உண்மையான டாங்கிகளில் இருப்பது போல, ஒரு எஃகு இழுவைக் கயிறு வளைந்து கிடந்தது. கயிற்றின் ஒரு முனை டாங்கியின் ஓரக் கொக்கியில் இருந்தது. மறுமுனை ஒரு வளையம். அது சிறு கதவு இருந்த இடத்தில் ஒரு பித்தளைக் குழியில் செருகியிருந்தது.

"இழு" என்றார் பெரியவர்.

தம்பி வளையத்தைப் பிடித்து இழுத்தார். வளையத்தோடு பிளக் போன்ற ஒரு செருகி வெளியே வந்தது. அதன் இரண்டு ஊசிகளையும் பெரியவர் ஒன்றோடொன்று இணைத்திருந்தார். செருகி உள்ளே இருந்தால் சுற்று முழுமை. பிடுங்கினால் ரிலே விட்டுவிடும். கம்பிகளை மட்டும் அவர் தொடவில்லை. அவை வெட்டிய நாளில் இருந்தது போலவே இருந்தன.

"கம்பி உன் வேலை" என்றார்.

தம்பி அந்தச் செருகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். இருவரையும் இத்தனை வருடம் அறிந்தும் எதிர்பார்த்தேன்.

"இறுக்கம் ஜாஸ்தி. சின்னக் கை இழுத்தா வராது. ரெண்டு கிலோவுக்கு மேல போகக் கூடாது."

பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சுருள்வில் தராசை எடுத்து வளையத்தில் மாட்டினார். மூன்றே கால் காட்டியது. குழியை அரத்தால் நான்கு முறை இழைத்தார். இரண்டே கால். மறுபடி இழைத்தார். ஒன்றே முக்கால்.

"போதுமா?"

"போதும். ஆனா இதை இழுத்தா நிக்கும்னு புதுசா வர்றவனுக்கு எப்படித் தெரியும்? இது சிவப்பா இருக்கணும்."

"மாட்டேன்."

"அப்ப ஓடாது."

"ஓட வேண்டாம்!"

ஆனாலும் தம்பி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். தடித்த கம்பியைப் புதிதாக மாற்றினார், வெட்டியதை ஒட்டுப்போடவில்லை. அண்ணன் பற்றவைத்த இணைப்பை வெட்டியெடுத்து, மெல்லிய கம்பிகள் இரண்டையும் பித்தளைக் குழியில் சேர்த்து, புது எண் போட்டு, மூடித்தாளில் பழைய எண்ணை அடித்து எழுதினார். மூன்று மணி நேரம் ஆயிற்று. அண்ணன் கேட்காமலே ஸ்க்ரூ டிரைவரையும் டேப்பையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் டாங்கியைக் கொட்டகைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் இறக்கினோம். பெரியவர் ரிமோட்டை எடுத்தார். வண்டி முன்னே போயிற்று, திரும்பிற்று, பீரங்கிக் குழலைச் சுழற்றிற்று. அவர் கண்ணில் மைதானத்தின் அந்தக் காலை வந்துகொண்டிருந்தது. அப்போது, ஒரு வார்த்தையும் சொல்லாமல், தம்பி பின்னால் நான்கு எட்டு நடந்து குனிந்து வளையத்தைப் பிடுங்கினார். உள்ளே ரிலே 'டக்' என்றது. டாங்கி ஒரு சாண் உருண்டு நின்றது. பெரியவர் ரிமோட்டின் கைப்பிடியை முன்னால் தள்ளியபடியே இருந்தார். ஒன்றும் அசையவில்லை.

"சொல்லிட்டு இழுக்கக் கூடாதாடா?"

"கை சொல்லிட்டா மாட்டும்?"

பெரிய மச்சான் ரிமோட்டைத் தரையில் வைத்தார். கோபம் இறங்கிய முகமாக அது இல்லை. கொட்டகைக்குள் போனார். அலமாரி திறக்கும் ஓசையும், டப்பாக்கள் உருளும் ஓசையும், ஒரு வசையும் கேட்டன. திரும்பி வந்தபோது ஒரு கையில் மெல்லிய தூரிகை, மறுகையில் சிவப்புச் சாயம்.

"வளையம் மட்டும்தான்" என்றார். "கயித்துல ஒரு துளி பட்டுச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்."